ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கோடு

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவன் துபாயிலிருந்து இருபது நாள் லீவில் வந்திருந்தான். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் சொல்லிக்கொண்டு போக வந்தான். பேச்சோடு பேச்சாக, "பிக்கப்பை வித்துட்டேன் தாத்தா. நான் அங்க இருக்கேன், அப்பாவால பாத்துக்க முடியல" என்றான்.

"பேர் மாத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். மீதியை புரோக்கர் பாத்துக்குவாரு."

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் முறச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உக்காரச் சொல்லுங்க" என்றாள். அன்று அவனுக்கு அரை மணி நேரத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன். நம் ஊரில் இப்போது வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது, வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்கிறது. யாருக்காவது உதவும்.

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி முன்பே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் எல்லோரும் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள். 1962 ஆகஸ்டு 16-ந் தேதி பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. மாமா எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் அவர் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனார். நான் அப்பா இறந்த பிறகு அம்மாவின் ஊரான கச்சிராயபாளையம் பக்கம் வந்து, தனித் தேர்வு எழுதி, கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீசில் எழுத்தராக உட்கார்ந்தேன். அப்போது இது தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று, 2019-ல் கள்ளக்குறிச்சியே மாவட்டம் ஆயிற்று. நான் நாற்காலியை விட்டு நகராமலே மூன்று மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டேன்.

மாமா ராணுவத்தில் சில வருஷம் ஜிபூத்தியில் இருந்தார். அங்கேதான் அவருக்கு பிக்கப் வண்டிப் பித்து பிடித்தது. பெஷோ 404 என்று ஒரு பிரெஞ்சு வண்டி. முன்னால் கார், பின்னால் தார்பாய் போட்ட தொட்டி. ஒட்டகம் போகாத இடத்துக்கும் போகும் என்பார். ஓய்வு பெற்று தூலோன் நகரத்தில் குடியேறிய பிறகும் அந்த ஆசை போகவில்லை. நவம்பர் மாதம் குளிர் ஆரம்பித்ததும் அக்காவும் அவரும் இங்கே வந்துவிடுவார்கள். மார்ச் கடைசியில் திரும்பிப் போவார்கள். அம்மா விட்டுப்போன நிலத்தில் மா வைத்தார், மரவள்ளி போட்டார்.

முதலில் வாங்கியது அம்பாசடர். எண்பதுகளில் கார் வாங்குவது என்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் கட்டுகிறவர்களுக்கு வரிசையில் முன்னால் இடம் கிடைத்தது. மாமா அப்படித்தான் வாங்கினார். 404-ஐப் போலவே அம்பாசடரிலும் கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததால் அவருக்கு கை பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் முதல் ஒரு வாரம் இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் எங்கே என்று தேடுவார். அக்கா எதுவும் பேசாமல் வலது பக்கமாகச் சுற்றிவந்து நிற்பாள்.

அந்த வண்டி அவர் பெயரிலேயே பாண்டிச்சேரியில் பதிவானது. வெளிநாட்டுக் குடிமகன் இங்கே வண்டி வாங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தங்குகிற முகவரிக்கு ஆதாரம் இருந்தால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வேறு மாநிலப் பதிவு வண்டியை இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும். மாமா மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பென்ஷன் விஷயமாகப் பாண்டிச்சேரி போகும்போது வண்டியையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கேட்டால், "நானும் வந்து போறவன், வண்டியும் வந்து போற வண்டி" என்பார்.

1997-ல் பிக்கப் வாங்கினார். பழைய மகேந்திரா ஜீப், பின்பக்கம் தொட்டி கட்டியது. அதை வாங்க அவர் சொன்ன ஒரே காரணம் எஞ்சின். மகேந்திரா கம்பெனி 1979-ல் பெஷோவிடம் உரிமம் வாங்கி, எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் எஞ்சினை இங்கே செய்ய ஆரம்பித்தது. 4.90 என்றால் நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மாமா, சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்த மாதிரி சிரித்தார். எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்தப் பிரெஞ்சுப் பெயர் வாயில் நுழையாது. ஒருவர் "பூஜோ" என்பார், இன்னொருவர் "பூஜை எஞ்சின்" என்றே சொல்லிவிட்டார். ஆயுத பூஜையன்று அதற்குத்தான் பெரிய மாலை.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வண்டி ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவது அதிகம். முதல் வருஷம் மாமா திரும்பி வந்தபோது பேட்டரி செத்திருந்தது, டயர் ஒரு பக்கம் சப்பையாகியிருந்தது, எலி ஒயரைக் கடித்து உள்ளே குட்டி போட்டிருந்தது. டீசல் டேங்கில் தண்ணீர் இறங்கியிருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் போகிற அன்று டேங்கை நிரப்பிவிடுவோம். காலி இடம் இருந்தால்தான் உள்ளே ஈரம் கட்டும். பேட்டரி முனையைக் கழற்றிவிடுவேன். வாரம் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் மாட்டி ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். ஹீட்டர் பிளக் சூடாகும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். மாமா அந்த நேரத்துக்கு பிரெஞ்சில் இருபது எண்ணச் சொல்லிக் கொடுத்தார். எண்ணுவதற்கு நான் இன்றைக்கும் பிரெஞ்சில்தான் எண்ணுகிறேன், அது வேறு விஷயம்.

பிரேக் ஆயில் விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் நம்ப மாட்டார். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும் என்பார். ஒவ்வொரு நவம்பரும் வந்த மறுநாளே பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவார். வீல் சிலிண்டரைத் தானே பிரித்துத் துடைப்பார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதை தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

யார் பெயரில் பதிவு செய்வது என்பதுதான் அந்த வண்டிக்கு முதல் நாளே வந்த கேள்வி. சரக்கு வண்டி, மஞ்சள் போர்டு, வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். மாமா எட்டு மாதம் ஊரில் இல்லை. "உன் பேர்ல போடு மச்சான்" என்றார். நான் மாட்டேன் என்றேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 எனக்கு மனப்பாடம். அரசாங்க வேலையில் இருப்பவன் சரக்கு வண்டி வைத்து வாடகைக்கு விட்டான் என்று யாராவது மொட்டைக் கடுதாசி போட்டால் போதும். மாமாவுக்குக் கோபம். "நான் உன்னை நம்பறேன், நீ ஒரு புஸ்தகத்தை நம்பறே" என்றார். இரண்டு நாள் பேசவில்லை. கடைசியில் அக்காதான் என் மனைவியின் பெயரைச் சொன்னாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆபீசுக்கு ஒரு தகவல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவளிடம் ஃபாரத்தை நீட்டினேன். அடுப்படியிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மாமா இல்லாத மாதங்களில் மலையைச் சேர்ந்த ஒரு பையன் வண்டியை ஓட்டினான். மரவள்ளிக் கிழங்கு, கடுக்காய், புளி, சாமை என்று சீசனுக்குத் தகுந்தபடி சரக்கு இறங்கும். கூட ஆட்களும் இறங்குவார்கள். மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த கல்வராயன் மலை 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ரோடும் பஸ்ஸும் அதற்கப்புறம் மெதுவாகத்தான் ஏறின. பிரசவ வலி வந்தாலும் பாம்பு கடித்தாலும் சரக்கு வண்டிதான். ஏற்றாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விதி தெரிந்தும் வரவில்லை.

2003-ல் அக்கா தூலோனிலேயே காலமாகிவிட்டாள். அடுத்த வருஷம் மாமா தனியாக வந்தார். வந்த மறுநாள் பிரேக் ஆயில் மாற்றவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "எல்லாத்தையும் குடுத்துடலாம் மச்சான்" என்றார். அம்பாசடர் பாண்டிச்சேரியில் போயிற்று. பிக்கப்புக்கு மலையிலிருந்து ஒரு ஆள் வந்தார், கூடவே ஒரு புரோக்கர். எண்பத்தைந்தாயிரம் என்று முடிந்தது. பானெட் மேலேயே நோட்டை எண்ணினார்கள். 29, 30 இரண்டு ஃபாரத்திலும் என் மனைவி கையெழுத்துப் போட்டாள். வாங்குபவர் பெயர், தேதி எல்லாம் காலியாகவே இருந்தது. "வேற பார்ட்டி கிட்டக்கூட கைமாறலாம் சார், அப்படியே இருக்கட்டும்" என்றார் புரோக்கர்.

அப்போது மாமா உள்ளே போய் என் மகனின் பள்ளிக்கூட ஸ்கேலையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார்.

பிரான்சில் ஆர்.சி.க்கு கார்த் கிரீஸ் என்று பெயர், சாம்பல் நிற அட்டை என்று அர்த்தம். அங்கே வண்டியை விற்கிறவர் அந்த அட்டையின் குறுக்கே கோடு போட்டு, இன்ன தேதி, இன்ன மணிக்கு விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விற்றதாக அரசாங்கத்துக்குத் தனியாகவும் தெரிவிக்க வேண்டும். மணி எதற்கு என்று அன்றைக்கு நான் கேட்டேன். "மூணு மணிக்கு வித்தேன், மூணே காலுக்கு அவன் யாரையாவது இடிச்சா? அந்தக் கால் மணி நேரம் யாருது?" என்றார்.

புரோக்கர் சிரித்தார். "ஐயா, ஆர்.சி.ல கோடு போட்டா செல்லாத நோட்டு மாதிரி. யாரும் வாங்க மாட்டான்." வாங்க வந்தவரும் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதைத்தான் எழுத இவ்வளவு தூரம் வந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்தவன், ஒரு தபால் வந்தால் பதிவேட்டில் ஏற்றாமல் கையில் வாங்காதவன், அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். "இது பிரான்ஸ் இல்ல மாமா" என்றேன். புத்தகத்தில் கோடு போடத்தான் கூடாது. ஆனால் அந்தக் கோட்டுக்குச் சமமான ஒன்று நம் சட்டத்திலும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளைக்குள் விற்றவரே பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 29-ம் நம்பர் ஃபாரம் அதற்குத்தான். அதை நிரப்பி, ஒரு நகல் வைத்துக்கொண்டு, நானே ஆபீசில் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். போக வர அரை நாள். மாமா ஸ்கேலை உள்ளே கொண்டு போய் வைத்துவிட்டார். அந்த மார்ச்சில் போனவர் பிறகு வரவில்லை.

2007-ல், நான் ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது, மனைவி பெயருக்கு ஒரு கோர்ட் சம்மன் வந்தது. விபத்து இழப்பீட்டு வழக்கு. மலை இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்திருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டார். ஒரு பெண்ணுக்குக் கை உடைந்தது. பதிவுப்படி வண்டியின் சொந்தக்காரர், முதலாம் எதிர்மனுதாரர், என் மனைவி. மூன்று வருஷமாக எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் அவள் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கியவர் இரண்டு கை மாற்றிவிட்டிருந்தார். புரோக்கர் காலமாகியிருந்தார்.

அந்த வண்டியில் அவள் ஏறியதே ஒரு தடவைதான், அம்மா திதிக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்தபோது.

வக்கீல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை. ஆனால் சரக்கின் சொந்தக்காரர் தன் சரக்கோடு போனால் பொறுப்பு உண்டு. சட்டத்தில் 1994-ல் கொண்டுவந்த திருத்தம் அது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. வண்டியிலிருந்த புளி மூட்டைகள் யாருடையவை? இறந்தவருடையது என்றால் கம்பெனி கட்டும். இல்லையென்றால் நாங்கள் கட்ட வேண்டும்.

அந்த மனிதரின் மனைவி மலையிலிருந்து விடிகாலையில் கிளம்பி வருவார். கையில் ஒரு பை, அதில் ஒரு தண்ணீர் பாட்டில். வாய்தா வாய்தாவாக வராந்தாவில் எங்களுக்கு எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் எதிர்க்கட்சி. ஒரு நாள் மத்தியானம் என் மனைவி எழுந்து போய், இட்லிப் பொட்டலம் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வக்கீல் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பதற்றம்.

அந்த அம்மா கேட்டார்: "வண்டி உங்களுதாங்களா?"

என் மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. "பேரு என்னுது" என்றாள்.

கூண்டில் ஏறியபோது அந்த அம்மா, மூன்று மூட்டையில் ஒன்றுதான் தங்களுடையது, மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொன்னார். மூன்றும் என்னுடையது என்று சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. கம்பெனி வக்கீல் அதை வைத்துக் கொஞ்சம் குடைந்தார். ஒரு மூட்டையே போதுமானதாக இருந்தது. அவர்களுக்குக் கம்பெனி கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. கை உடைந்த பெண்ணிடம் மூட்டை எதுவும் இல்லை. அதை வட்டியோடு முதலாம் எதிர்மனுதாரர் கட்ட வேண்டும் என்றார்கள். வட்டியும் செலவும் சேர்த்து எழுபத்தி இரண்டாயிரம். என் கிராஜுவிட்டியில் எடுத்துக் கட்டினேன். வாங்கியவர்மேல் வழக்குப் போடலாம் என்றார் வக்கீல், என் மனைவி, "மறுபடி அந்த வராந்தாவா? வேணாங்க" என்றாள்.

பணத்தைவிட என்னை அரித்தது வேறு. கவிழ்ந்ததற்குக் காரணம் பிரேக் என்றார்கள். 2004 நவம்பரில் அந்த பிரேக் ஆயிலை யாராவது மாற்றினார்களா? 2005-ல்? வாங்கியவரிடம் அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவுக்கும் அன்றைக்கு அந்த மனநிலை இல்லை.

மாமாவுக்கு எழுத எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. தமிழில் எழுதினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. பிரெஞ்சில், பள்ளிக்கூடத்தில் எழுதிய கடிதம் மாதிரி, தேதி வாரியாக எழுதினேன். பதிலுக்கு அவர் பணம் அனுப்பினார், பாதிக்கு மேலேயே. கடிதத்தில் திட்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி கேட்டிருந்தார்: இறந்தவருக்கு எத்தனை வயது? 38 என்று எழுதினேன்.

விற்ற வண்டியாக இருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், அவர்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பேப்பரில் படித்தபோது அதை வெட்டி, எங்கள் தீர்ப்பு நகலோடு சேர்த்து வைத்தேன். துபாய் பையனுக்கு அந்த ஃபைலைத்தான் எடுத்துக் காட்டினேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் ராத்திரி ஃப்ளைட். காலையிலேயே அவனையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு புரோக்கர் வீட்டுக்குப் போனோம். காலியாக இருந்த இடமெல்லாம் நிரப்பினோம். வாங்கியவர் பெயர், விலாசம், ஆதார் நகல், தேதி. மணியும் எழுது என்றேன். ஃபாரத்தில் அதற்கு இடம் இல்லை, தனி வெள்ளைத் தாளில் எழுதி வாங்கினோம். புரோக்கர் சிரித்தார். விற்ற தகவலைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கும்போது மத்தியானம் இரண்டு மணி.

பையன் போய்விட்டான். பெயர் மாற்றம் மட்டும் இன்னும் பாக்கி. வாங்கியவர் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்கிறார். நான் தினமும் காலை பத்து மணிக்கு அவருக்கு போன் போடுகிறேன். இரண்டு நாளாக எடுக்கவில்லை. நாளைக்கு நேரிலேயே போகலாம் என்று இருக்கிறேன். மனைவியும் வருகிறேன் என்கிறாள்.